மென்பொருள் மேல் பழி போடலாமா?

கேள்வி: ஒரே டிஎன்ஏ மாதிரியை ஜெல்லின் ஒரு லேனில் (மாதிரி ஓடும் தடம்) 50 நானோகிராம், அடுத்ததில் 200 நானோகிராம் ஏற்றினேன். ஜெல் படத்தில் ஒளியை அளக்கும் இமேஜ்ஜே (ImageJ) மென்பொருள் நான்கு மடங்கு காட்ட வேண்டும், ஒன்றரை மடங்குதான் என்கிறது. வேறு மென்பொருளுக்கு மாறிவிடலாமா? - ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: மாறினாலும் அநேகமாக அதே பதில்தான் வரும். படத்தை இமேஜ்ஜேயில் திறந்து, 200 நானோகிராம் லேனில் டிஎன்ஏ திரண்டு ஒளிரும் பட்டையின், அதாவது பேண்டின், நடுவே சுட்டியைக் கொண்டுபோங்கள். கருவிப்பட்டைக்கு அடியில் அந்த இடத்தின் பிரகாசம் ஒரு எண்ணாகத் தெரியும். எட்டு பிட் படத்தில், கறுப்புப் பின்னணியில் ஒளிரும் பேண்டுக்கு அது 255 என்றே நின்றுவிட்டால் கோளாறு கேமராவில். 255க்கு மேல் அந்தப் படத்தில் எண்ணே கிடையாது. குடம் நிரம்பிய பிறகு எவ்வளவு ஊற்றினால் என்ன?

நானும் இதில் மாட்டியவன்தான். ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வாரம் உட்கார்ந்து ஜெல் படங்களாக அளந்து தள்ளினேன். எல்லா விகிதமும் ஒன்றுக்குப் பக்கத்திலேயே வந்தது. 'வேறுபாடு இல்லை' என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். மங்கலான பேண்டும் பளிச்சென்று தெரியட்டும் என எக்ஸ்போஷரை (கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை) கூட்டிக்கொண்டே போனது நான்தான் என்று அப்புறம்தான் உறைத்தது. போதாததற்கு எல்லாவற்றையும் ஜேபெக்காகச் சேமித்திருந்தேன். அது கோப்பைச் சுருக்கும்போது பிக்சல் மதிப்புகளையும் மாற்றிவிடும்.

அப்படி இழந்ததை வெளிச்சத்தைக் குறைத்தோ கூட்டியோ மீட்க முடியாது. ஜெல் இன்னும் கையில் இருந்தால் குறைந்த எக்ஸ்போஷரில் மறுபடி படம் எடுங்கள். கேமரா அனுமதித்தால் 16 பிட் படமாக, டிஃப் (TIFF) கோப்பில் சேமியுங்கள். 16 பிட்டில் அந்த எண் 65,535 வரை போகும். அடுத்த ஜெல்லில் 25, 50, 100, 200 நானோகிராம் என்று நான்கு லேன் சேர்த்து ஓட்டுங்கள். எண்கள் எதுவரை ஒழுங்காக ஏறுகின்றனவோ, அதுவரை நம்பலாம்.

அதன்பின் வேலை சுலபம். இமேஜ்ஜேயில் முதல் லேனைச் சுற்றிச் செவ்வகம் வரைந்து 1 விசை, மற்ற லேன்களுக்கு 2, வரைபடத்துக்கு 3. வரைபடத்தில் ஒவ்வொரு பேண்டும் ஒரு மேடாகத் தெரியும். மேடுகளின் அடியில் கோடு இழுப்பது நீங்கள்தான், மென்பொருள் அல்ல. எந்த லேன் எது என்று தெரியாதபடி மறைத்துவிட்டு இழுங்கள். மனம் தனக்குப் பிடித்த லேனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிடும்.

கேள்வி: என் ஜெல்லில் 1000 கார இணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளப் பேண்ட், 500 இணைப் பேண்டைவிடப் பிரகாசமாக இருக்கிறது. அப்படியானால் அதில்தான் மூலக்கூறுகள் அதிகமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எதீடியம் புரோமைடு என்ற ஒளிரும் சாயம் டிஎன்ஏயின் நீளம் நெடுக ஒட்டிக்கொள்வது. மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாகவே இருந்தாலும் 1000 இணைப் பேண்ட் ஏறக்குறைய இரு மடங்கு ஒளிரும். ஒளி அளவை நீளத்தால் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி: கட்டுரைக்கு அனுப்பும் முன் படத்தைக் கொஞ்சம் தெளிவாக்கலாமா?

பதில்: முழுப் படத்துக்கும் ஒரே மாதிரி என்றால் சரி, அதையும் செய்முறையில் எழுதிவிடுங்கள். ஒரு லேனுக்கு மட்டும் என்றால் கூடாது. தூரத்து லேன்களைப் பக்கத்தில் ஒட்டினால் நடுவே கோடு போட்டுக் காட்டுங்கள். கட்டுரைப் படங்களில் உள்ள கோளாறுகளைத் தேடும் நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கின் குழு 20,621 கட்டுரைகளை அலசி 2016இல் வெளியிட்ட ஆய்வில் 3.8 விழுக்காட்டில் சிக்கலான படங்கள் இருந்தன. எல்லாமே மோசடி அல்ல, கவனக்குறைவும் உண்டு. ஆனால் கேள்வி வரும் நாளில் உங்களிடம் கேட்கப்போவது, கை வைக்காத மூலக் கோப்பைத்தான்.