பால் பாட்டிலின் அடியைப் பாருங்கள்: கேள்வி பதில்

அறப்பணி நிதிக்கான ஏலம் ஒன்றில் பழைய கண்ணாடிப் பால் பாட்டில் வருகிறது. ஒரு குவார்ட் (ஏறத்தாழ ஒரு லிட்டர்) கொள்ளும் அமெரிக்கப் பாட்டில், உருண்டை உடல், வயிற்றில் சிவப்பு எழுத்தில் பால் பண்ணையின் பெயர். பட்டியலில் ‘1884ஆம் ஆண்டுப் பாட்டில்’ என்று போட்டிருக்கிறார்கள். படங்களைப் பார்த்துவிட்டேன். நெடுநாளாகப் பாட்டில் சேர்ப்பவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, அது 1884ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதானா?

பதில்: இல்லை. நியூயார்க் மாநிலத்தின் பாட்ஸ்டாம் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த டாக்டர் தாட்சர் 1884இல் பால் பாட்டிலைக் கொண்டுவந்தார். ஒருவர் மாட்டடியில் அமர்ந்து பால் கறக்கும் உருவம் அதில் புடைப்பாக இருக்கும். பழைய பாட்டில் என்றாலே அந்த ஆண்டை ஒட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது.

இந்தப் பாட்டிலின் வாய்க்குள் பாருங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் ஒரு சின்னத் திண்ணை தெரிகிறது. விரலை விட்டால் தட்டுப்படும். மெழுகு பூசிய வட்ட அட்டை மூடி அதன்மேல்தான் உட்காரும். இந்த அமைப்புக்கு 1889இல்தான் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன் கம்பி வைத்த மூடிகள். இன்னொன்று அந்தச் சிவப்பு எழுத்து. தொடக்கத்தில் பெயர்களைக் கண்ணாடியிலேயே புடைப்பாக வார்த்தார்கள். வண்ண எனாமலில் அச்சிட்டுச் சூளையில் சுட்டெடுக்கும் முறை பால் பாட்டிலுக்கு வந்தது 1930களில். 1940களில் சதுரப் பாட்டில் பரவத் தொடங்கியது, இதுவோ உருண்டை. ஆகவே இது 1930களிலோ 1940களிலோ செய்ததாக இருக்கும். தயாரிப்பாளரின் குறி அடிப்பகுதியில்தான் இருக்கும். அதன் படம் இல்லை, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வாங்கியதும் எப்படிக் கழுவுவது?

பதில்: வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, மெல்லிய துணி. வெந்நீர் வேண்டாம். நீல எழுத்துப் பாட்டில் ஒன்றில் நான் வெந்நீர் ஊற்றியிருக்கிறேன். ‘டிக்’ என்ற சத்தம், கழுத்திலிருந்து அடிவரை ஒரு கோடு. இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன், புத்தி வருவதற்காக.

கேள்வி: கண்ணாடி ஊதா நிறமாக இருந்தால் மதிப்பு அதிகமாமே?

பதில்: மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடி வெயிலில் கிடந்தால் ஊதாவாகும். கதிரியக்கம் பாய்ச்சியும் அதே நிறத்தை வரவழைப்பார்கள். அடர்ந்த ஊதாவாக இருந்தால் கையைப் பையிலேயே வையுங்கள்.

கேள்வி: போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உரசல் தழும்பைத் தேடுங்கள். தெருத்தெருவாகப் போய்வந்த பாட்டில் பெட்டியில் பக்கத்துப் பாட்டிலோடு இடித்துக்கொண்டே வந்திருக்கும். தோளிலும் அடிக்குச் சற்று மேலேயும் மங்கலான வெள்ளை வளையம் விழும். பழைய தேதி போட்ட பாட்டில் பளபளவென்று புது மணப்பெண் போல நின்றால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாமா?

பதில்: வெந்நீர் வேண்டாம் என்றேன். இயந்திரத்தில் வெந்நீரோடு காரமும் சேரும், எனாமல் வெளிறிவிடும்.

கேள்வி: நல்ல காரியத்துக்கான ஏலம். ஆண்டு தப்பாக இருந்தால் என்ன? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

பதில்: பழமொழி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாட்டை யாரும் உங்களுக்குத் தானம் தரவில்லை, விலை பேசுகிறார்கள். விலைக்கு வாங்கும் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காத ஒருவரை எந்தச் சந்தையிலும் விவரம் தெரிந்தவர் என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நீங்கள் இப்படிப் பேசினால் ஏலத்தொகை குறையும். பாதிக்கப்படுவது உதவி பெறுபவர்கள்தானே?

பதில்: உதவி செய்ய விரும்புகிறவர் ஒரு காகிதத் துண்டுக்குக்கூட ஆயிரம் கொடுப்பார், அதை நான் தடுக்கவில்லை. 1884 என்று நம்பிக் கொடுத்தவர் நாளை உண்மை தெரிந்ததும் அடுத்த ஏலத்துக்கு வருவாரா? நன்கொடையாகப் பாட்டிலைத் தந்தவரின் பெயரும் அல்லவா கெடும்! பட்டியலில் ஒரு வரியைத் திருத்த யாருக்கும் செலவில்லை.

கேள்வி: தந்தவர் பெரியவர். பாட்டி காலத்துப் பாட்டில் என்றுதான் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்கிறீர்களா?

பதில்: நான் அப்படிச் சொல்லவே இல்லை. பாட்டி காலம் என்பது 1940களாகவும் இருக்கலாமே. 1884 என்று எண் போட்டது பட்டியல் எழுதிய கை. இனி இதில் பதில் சொல்லப் போவதில்லை.

கேள்வி: கழுத்தில் குமிழ் போலப் புடைத்த பாட்டில் ஒன்று என்னிடம் இருக்கிறது. எதற்கு அது?

பதில்: நல்ல கேள்வி, ஒருவழியாக! பால் நின்றால் ஆடைக்கொழுப்பு மேலே வந்து அந்தக் குமிழில் தங்கும். வளைந்த தனிக் கரண்டியால் கழுத்தை அடைத்துக்கொண்டு, மேலே நிற்பதை மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். கொழுப்பைப் பிரியவிடாமல் கலக்கும் முறை பரவியதும் குமிழுக்கு வேலையில்லாமல் போனது. அந்த மேலாடைக்கு மனிதர் மட்டும் ஆசைப்படவில்லை. 1921இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அருகே பட்டாணிக்குருவிகள் பாட்டில் மூடியைக் கிழித்துக் குடித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: பண்ணைகளில் வெந்நீரில்தானே கழுவினார்கள்?

பதில்: ஆம், படிப்படியாகச் சூடேற்றி. அன்று பாட்டிலும் புதிது. உங்களுடையது பல்லாண்டுக் கீறல்களோடு இருக்கிறது. வேண்டாம்.

கேள்வி: ஏலத்தில் கொடுக்கும் தொகைக்கு வரிவிலக்கு உண்டா?

பதில்: ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: பழைய பீர் பாட்டிலுக்கும் வயது சொல்வீர்களா?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: ஏலக் குழுவிலிருந்து எழுதுகிறேன். அடியைப் பார்த்தோம். வைரக் குறிக்கு வலப்புறம் 46, கீழே ‘டியூராகிளாஸ்’ என்று சாய்வெழுத்து.

பதில்: ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனத்தின் பாட்டில். டியூராகிளாஸ் என்ற பெயரை 1940இலிருந்துதான் பதித்தார்கள். 46 என்பது 1946. அப்படியே எழுதுங்கள். நானும் ஏலம் கேட்பேன்.

கேள்வி: காட்சிக்கு வைக்கும் முன் ஒருமுறை கழுவிவிடலாமா?

பதில்: துணியால் துடையுங்கள்.