சைக்கிள் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் வாங்கிய கியர் இல்லாத சைக்கிள். இப்போது எழும்பி நின்று மிதித்தால் செயின் தாவுகிறது. செயின், பிறீவீல் (பின்சில்லின் பல்சக்கரம்), செயின் வீல் (முன் பல்சக்கரம்) மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவும் தேவையா? – ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: காசு எடுக்கமுதல் அடிமட்டத்தை எடுங்கள். அதற்கும் முதல் பின்சில்லின் நட்டைப் பாருங்கள். நட்டு இளகி, சில்லு முன்னுக்கு நகர்ந்திருந்தாலே செயின் தொங்கித் தாவும். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் அரை அங்குலம் ஆட வேண்டும். அதைவிடக் கூட ஆடினால் சில்லைப் பின்னுக்கு இழுத்து இறுக்குங்கள். செலவில்லாமல் வேலை முடிந்தாலும் முடிந்துவிடும்.

முடியவில்லையா, செயினை இறுக்கமாகப் பிடித்து ஒரு ஆணியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். அதிலிருந்து 24ஆவது ஆணியின் நடு 12 அங்குலத்தில் நிற்பது புதுச் செயின். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். 1/8 கூடிவிட்டதென்றால் பிறீவீலின் பற்களும் தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயினைப் போட்டால் முன்னையைவிட மோசமாகத் தாவும். அப்போது இரண்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

செயின் வீலை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முன்னுக்கு 46 பல், பின்னுக்கு 18 என்றால் பின்பல் ஒவ்வொன்றும் இரண்டரை மடங்கு அடி வாங்குகிறது. முன்பற்கள் கொக்கியாக வளைந்திருந்தால் சரி, மாற்றுங்கள். இல்லாவிட்டால் அது இன்னொரு செயினுக்கும் தாங்கும். மூன்றையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லும் கடைக்காரர் அளந்து பார்த்தாரா என்று ஒருக்கால் கேளுங்கள்.

இன்னொன்று. செயின் பல்லில் ஒழுங்காக இருக்க, பெடல் மட்டும் திடீரென்று வெறுமையாக இறங்கினால் குற்றம் செயினில் இல்லை. பிறீவீலுக்குள் இருக்கும் நாக்குகள் பிடிக்கவில்லை. அதைத் திறந்து சுத்தம் பண்ணுவதில் நேரம் போக்காமல் புதிதே போடுங்கள்.

சாமான் வாங்கக் கொழும்பு டாம் வீதிக்குப் போனால் பழைய செயினையும் கொண்டு போங்கள். உங்களுக்கு வேண்டியது 1/2 × 1/8 (அங்குலத்தில் ஆணி இடைவெளி, உள்ளகலம்). கியர் சைக்கிளுக்கு வரும் 3/32 செயின் ஒடுக்கம்; தடித்த பல்லில் இறங்காது. பூட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், அதாவது மேல்வரியில் முன்னுக்கு. திருப்பிப் போட்டால் எங்காவது உரசி, காலி வீதி நடுவில் கழன்று விழும்.

பிறீவீலைக் கழற்றுவது வீட்டு வேலை இல்லை. ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. வாயில் இரண்டு வெட்டா நான்கு வெட்டா என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் கழற்றியை வைஸில் கடித்து, சில்லையே ஸ்டியரிங் பிடிப்பதுபோல இடப்பக்கம் திருப்ப வேண்டும். சில்லைக் கடைக்குக் கொடுங்கள். புதிதைப் பூட்டமுதல் மரையில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். பூசினாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: அப்பப்பாவின் றலி சைக்கிளை ஓடுகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் இடது பக்கம் 'டொக்' என்கிறது. கொட்டர் பின் (கிறாங்கு என்னும் பெடல் தண்டை அச்சில் இறுக்கும் ஆப்பு) மாற்றியும் போகவில்லை. – ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: என்ன அளவுப் பின் போட்டார்கள்? றலி போன்ற இங்கிலாந்துச் சைக்கிளுக்கு 9.5 மி.மீ. வேண்டும். 9 மி.மீ. பின்னும் உண்டு, கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது, ஓட்டைக்குள் போனால்தான் ஆடும். வேர்னியர் (நுண்ணிய அளவுகோல்) இல்லாத கடையில் கொட்டர் பின் வாங்காதீர்கள்.

அளவு சரியென்றால் பூட்டிய விதம் பிழை. நட்டை முறுக்கிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்ப்பார்கள். மரைதான் அறும், ஆப்பு இறுகாது. கிறாங்குக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயை நிலத்தில் ஊன்றி முட்டுக் கொடுத்து, சுத்தியலால் பின்னை அடித்து இறக்கிவிட்டு, கடைசியில்தான் நட்டு. முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அந்த அடி முழுக்க உள்ளே போல்ஸ் ஓடும் கப்பில் விழுந்து குழி பறிக்கும். ஒரு நாள் ஓடியபின் மறுபடி ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்குங்கள். புதுப் பின் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் அமர்ந்துதான் தீரும்.

அப்புறம், கப் தேய்ந்துவிட்டதென்று யாராவது சொன்னால் கவனம். பழைய றலியின் மரை அங்குலத்துக்கு 26. மற்ற அநேகமான சைக்கிள்களில் 24. சாதாரணக் கப்பைப் பலவந்தமாக ஏற்றினால் பிறேமே பாழ். அப்பப்பாவின் கப்பைத் துடைத்து, புது 1/4 அங்குலப் போல்ஸும் கிரீஸும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் வைத்திருக்க என்னென்ன சாமான் வாங்கலாம்? பெட்டியோடு வரும் செட் நல்லதா? – ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: செட் வேண்டாம். அதில் பாதி கியர் சைக்கிளுக்கு உரியது, மிச்சம் இரண்டு முறை முறுக்கினால் வாய் விரியும். நல்ல உருக்கில் ஒரு 15 மி.மீ. ஸ்பனர் வாங்குங்கள், அநேகமான சில்லு நட்டுக்கும் பெடலுக்கும் அதுவே போதும். பெடலுக்கும் பாவிப்பதென்றால் மெல்லிசான வாயுள்ளதாகப் பாருங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் என்பது நினைவிருக்கட்டும். ரயர் கழற்றப் பிளாஸ்டிக் நெம்பி மூன்று. கரண்டிக் காம்பால் கிளப்பினால் ஒரு ஓட்டையை ஒட்டப் போய் இரண்டு ஓட்டையாகும். பம்ப், ஒட்டு, சொலூஷன். வால்வ் ரப்பர் ஒரு முழம் வாங்கி வையுங்கள். காற்று இறங்கும் பழைய மாதிரி வால்வில் பல தடவை ரியூப்பில் பிழையே இருக்காது, அந்த ரப்பர்தான் வெடித்திருக்கும்.

கேள்வி: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? – அதே வாசகர்

பதில்: வேண்டாம். நாளாக நாளாகப் பிசினாகி மண்ணைப் பிடிக்கும். டபிள்யூ.டி. 40 துருவை இளக்கும், ஆனால் மெல்லியது. அதை மட்டும் விட்டுவிட்டு ஓடக் கூடாது. தையல் மெஷின் எண்ணெய் நல்லது. கடற்கரைப் பக்கம் இருப்பதால் மழைக்குப் பிறகெல்லாம் விடுங்கள். ஆணிக்கு ஒரு சொட்டு, பிறகு துணியால் வெளிப்புறத்தை நன்றாகத் துடையுங்கள்.