முன் ஃபோர்க்கும் பிரேக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 1986ஆம் ஆண்டு ராஜ்தூத் 350 இருக்கிறது, என் தந்தையார் புதிதாக வாங்கிய வண்டி. எஞ்சினை முழுவதும் பிரித்துச் சீர்செய்துவிட்டேன், வேகத்துக்கு இப்போது குறைவில்லை. ஆனால் சென்ற மாதம் வால்பாறையிலிருந்து ஆழியாற்றுக்கு இறங்கியபோது, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் முன் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே வந்துவிட்டது. பிரேக் பிடித்தால் வண்டியின் முன்பக்கம் குப்புறக் குனிகிறது. டிஸ்க் பிரேக் பொருத்தித் தருவதாகவும், முன் சக்கரத்தைத் தாங்கும் இப்போதுள்ள ஃபோர்க் காலிலேயே, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்கு ஒரு பிடியை வெல்டு செய்துவிடலாம் என்றும் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா? (கோவை வாசகர்)

பதில்: டிஸ்க் பொருத்தலாம். வெல்டு மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன், இப்படிப் பிடி வெல்டு செய்த ஃபோர்க் கால் ஒன்று என் கைக்கு வந்தது. பார்வைக்கு வேலை சுத்தமாகத்தான் இருந்தது. காலைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் நன்றாக ஒற்றி எடுத்தபின் சாக்பீஸ் பொடியைத் தூவினேன். இரண்டு நிமிடத்தில் அந்த வெள்ளைப் பொடியின் மேல், வெல்டின் ஓரத்தை ஒட்டி, தலைமுடி கிடப்பதுபோல ஓர் ஈரக்கோடு மெதுவாக எழுந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் பொடியில் ஊறி வெளியே வந்ததால் தெரிந்த கோடு அது. அந்தக் காலோடு அதன் உரிமையாளர் மூன்று மாதம் ஓட்டியிருக்கிறார்.

காரணம் எளியது. ஃபோர்க்கின் கீழ்க்கால் வார்ப்பு அலுமினியம். வெல்டின் சூடு பட்ட இடத்தைச் சுற்றி அது வலுவிழந்துவிடும். அங்கே விழும் சுமையோ சிறியதன்று. டயர் தரையைத் தொடும் இடம் அச்சிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் இருக்கிறது, காலிப்பர் டிஸ்க்கைக் கவ்வும் இடம் 11 அல்லது 12 செ.மீ. தொலைவில் இருக்கிறது. ஆகவே தரையில் 150 கிலோ விசையோடு பிரேக் பிடிக்கும்போது, காலிப்பரின் பிடியை 400 கிலோவை நெருங்கும் விசை இழுக்கிறது. டிரம் பிரேக்குக்காக வார்த்த காலில் இதைத் தாங்குவதற்கான பருமன் அந்த இடத்தில் வைக்கப்படவே இல்லை.

இந்த வண்டியின் முன் சக்கரத்துக்கு டிரம் பிரேக் ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1973இல் யமஹா வெளியிட்ட ஆர்.டி.350யின் முன் சக்கரத்தில் டிஸ்க் இருந்தது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் உரிமம் பெற்று அதை இங்கே ராஜ்தூத் 350 என்று தயாரிக்கத் தொடங்கியபோது, விலையைக் குறைப்பதற்காக ஏழு அங்குல டிரம்மை வைத்தது. 347 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். முதலில் வந்த வகைக்கு 30.5 குதிரைத்திறன். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுப்பது மிகக் குறைவு என்பதால், மலையிறக்கத்தில் முழுப்பாரமும் பிரேக்கின் தலையில்தான் விழுகிறது. சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் பிரேக் ஷூவை விட்டு விலகும்; அதனால்தான் உங்கள் லீவர் உள்ளே போனது. டிஸ்க் சூடேறினாலும் அதை இருபுறமும் அழுத்தும் பேடை விட்டு விலகுவதில்லை.

ஆனால் நான் முதலில் கைவைக்கச் சொல்வது பிரேக்கில் அன்று, ஃபோர்க்கில். இதைக் கேட்கும் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும், தெரியும். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். வண்டியும் நீங்களும் சேர்ந்து 225 கிலோ என்றும், மொத்த எடையின் மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் 132 செ.மீ. உலர்ந்த தார்ச்சாலையில் அழுத்தமாகப் பிரேக் பிடித்தால், பின் சக்கரத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோ முன் சக்கரத்துக்கு மாறுகிறது. ஃபோர்க் ஸ்பிரிங் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அமுங்க அரை கிலோ கேட்பது என்றால், இரண்டும் சேர்ந்து இந்த 80 கிலோவுக்கு 80 மி.மீ. அமுங்கிவிடும். நீங்கள் ஏறி உட்காரும்போதே 35 மி.மீ. அமுங்கியிருக்கிறது. அக்கால ஃபோர்க்கின் மொத்த அசைவு 12 செ.மீ. அளவுதான் என்பதால், அதில் அநேகமாக எல்லாம் தீர்ந்துபோகிறது. அந்த நேரத்தில் ஒரு பள்ளம் வந்தால் சக்கரம் மேலேற இடமில்லை. டயர் தரையை விட்டுத் துள்ளும். இப்போதைய டிரம்மே ஃபோர்க்கை இந்த நிலைக்குக் கொண்டுபோகிறது என்றால், அதே ஃபோர்க்கில் நல்ல டிஸ்க்கை வைப்பது ஆபத்தைக் கூட்டுவதுதான்.

ஆகவே ஃபோர்க்கைக் கழற்றி, உள்குழாய்களைக் கண்ணாடிப் பலகையின்மேல் உருட்டிப் பாருங்கள். குழாயின் அடியில் ஒளி தெரிந்தால் அது வளைந்திருக்கிறது என்று பொருள். பெண்டு எடுத்துத் தரும் கடைகள் உண்டு, லேசான வளைவுக்கு அது போதும். மடிப்பு விழுந்திருந்தால் குழாயையே மாற்ற வேண்டும். குரோம் பூச்சில் துருப்புள்ளி இருந்தால் புது ஆயில் சீல் ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்காது. ஸ்பிரிங்கைச் சற்றுக் கடினமானதாக மாற்றுங்கள்: ஒவ்வொன்றும் மில்லிமீட்டருக்கு 0.7 கிலோ கேட்கும்படி இருந்தால், மேலே சொன்ன 80 மி.மீ. குனிவு 57 மி.மீ. ஆகக் குறையும். புது ஆயில், புது சீல், ஹேண்டில் கோன் செட் (ஹேண்டில் சுழலும் பேரிங்) இவற்றையும் இதே சமயத்தில் முடித்துவிடுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நேரான நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல நின்றால், கோன் செட்டில் குழி விழுந்துவிட்டது.

அடுத்து, இருக்கும் டிரம்முக்கு ஒரு நியாயமான வாய்ப்பைக் கொடுங்கள். உங்கள் முன் டிரம்மில் இரண்டு கேம்கள் (திரும்பும்போது ஷூவை வெளியே தள்ளும் துண்டுகள்) இரண்டு ஷூக்களைத் தனித்தனியே தள்ளுகின்றன. வெளியே ஒரு கம்பி அவற்றை இணைக்கிறது. அந்தக் கம்பியின் நீளம் சரியாக இல்லாவிட்டால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும், மற்றது சும்மா உடன் வரும். நான் பார்த்த ராஜ்தூத்களில் இந்தக் கம்பி சரியாக இருந்தவை வெகு சில. ஷூவின்மேல் சாக்பீஸ் பூசி மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு லேசாகப் பிரேக் பிடித்துப் பிரித்துப் பாருங்கள். சாக்பீஸ் இரண்டு ஷூவிலும் ஒன்றுபோல அழிந்திருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் அழிந்திருந்தால், டிரம்மைச் சக்கரத்தோடு சேர்த்தே கடைசலில் வைத்து, அனுமதித்த அளவைத் தாண்டாமல் வட்டமாக்கி, ஷூவையும் அந்த வட்டத்துக்கு இணங்கத் தேய்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இவ்வளவும் செய்தபின் ஊருக்குள் ஓட்ட இந்த டிரம் போதும். அடிக்கடி மலை ஏறி இறங்குவீர்கள் என்றால் டிஸ்க்குக்குப் போவதே சரி. ஜப்பானில் செய்த ஆர்.டி.350யின் டிஸ்க் முன்பகுதி கிடைத்தால் அதைப் போல் பொருத்தமானது வேறில்லை. விலைதான் கை சுடும். அடுத்தது, எடையில் உங்கள் வண்டிக்கு அருகில் உள்ள ஒரு வண்டியின் முன்பகுதியை முழுதாக, ஃபோர்க், மேல் டி, கீழ் டி (ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் தட்டுகள்), சக்கரம், அச்சு, காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் (லீவரை இழுக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளுவது) எல்லாம் சேர்த்து எடுப்பது. பல்சர் 220யின் முன்பகுதியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். 37 மி.மீ. ஃபோர்க், பழைய வகையில் 260 மி.மீ. டிஸ்க், எடையும் ஏறத்தாழ ஒன்று என்பதால் ஸ்பிரிங்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 200 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய வண்டியின் ஃபோர்க்கைக் கொண்டுவந்து வைத்தால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும்; குழியில் இறங்கும்போது கல்லாக நிற்கும்.

வாங்குவதற்கு முன் வெர்னியரோடு உட்கார்ந்து அளக்க வேண்டியவை உண்டு. முதலாவது நீளம். புது ஃபோர்க் 25 மி.மீ. குட்டையானால், உங்கள் வண்டியின் நீளத்துக்கு ஹேண்டில் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை செங்குத்தாகும். வேகத்தில் ஹேண்டில் நடுங்கத் தொடங்க அது போதும். 18 அங்குலச் சக்கரம் போய் 17 வருவதால் சுமார் 8 மி.மீ. உயரம் குறைவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். குழாயை டியில் சற்று இறக்கிப் பிடித்துச் சரிசெய்ய இடமிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, கீழ் டியிலிருந்து வண்டிச் சட்டத்தின் கழுத்துக்குள் நுழையும் தண்டு. நீளம் ஒத்துவராவிட்டால், தண்டைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, இ.என்.24 என்ற வலுவான எஃகில் புதுத்தண்டு கடைந்து, இறுக்கமாக ஏற்ற வேண்டும். கோவையில் இந்த வேலையை நுணுக்கமாகச் செய்யும் கடைசல் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது, ஹேண்டிலை முழுதும் ஒடிக்கும்போது ஃபோர்க் பெட்ரோல் டேங்கில் இடிக்காமல் நிறுத்தும் தடுப்பு. பலரும் மறப்பது இதைத்தான். டேங்க் நசுங்கிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படியான மாற்றங்களுக்கு இடம் தருவதில்லை. வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, தேவையானதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கழற்றிய டிரம், ஃபோர்க், டி எதையும் விற்றுவிடாமல் எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள். அது உங்கள் தந்தையார் வாங்கிய வண்டி. பழையபடி ஆக்க வழி இருக்க வேண்டும்.

கேள்வி: என் பழைய கரிஸ்மா பைக்கின் ஃபோர்க் மிகவும் மென்மையாக இருக்கிறது. கெட்டியான 20 எண் ஆயிலை ஊற்றி, ஸ்பிரிங்கின் மேல் ஒரு பைப் துண்டை வைத்து மூடினால் போதும் என்கிறார் மெக்கானிக். சரியா? (மதுரை வாசகர்)

பதில்: இரண்டும் கொஞ்சம் உதவும், கேட்டதை முழுதும் தராது. பைப் துண்டு வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தும். ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. மில்லிமீட்டருக்கு அரை கிலோ கேட்கும் ஸ்பிரிங், முன்பே அமுக்கி வைத்தாலும் அடுத்த மில்லிமீட்டருக்கு அதே அரை கிலோதான் கேட்கும். கெட்டியான ஆயிலால் குனிவு மெதுவாகும். ஆனால் ஆயில் சிறு துளைகள் வழியே ஓடும் சாதாரண ஃபோர்க்கில், அசைவின் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆகவே பிரேக்கில் நன்றாக இருப்பதுபோல் தோன்றும் அதே ஆயில், வேகத்தடையில் மணிக்கட்டை உதறவைக்கும்.

உள்குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைச் சுற்றிக் கட்டி, வழக்கமான உடையோடு ஏறி அமர்ந்து மெல்ல இறங்குங்கள். ஃபோர்க் முழுதும் நீண்டிருந்த நிலையிலிருந்து டை 30 முதல் 35 மி.மீ. நகர்ந்திருந்தால் சரி. 45ஐத் தாண்டினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. புது ஸ்பிரிங் வாங்குங்கள். ஆயிலில், கம்பெனி சொன்ன எண்ணுக்கு ஒரு படி மேலே போவது போதும். ஊற்றும்போது இரண்டு கால்களிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுதும் அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

கேள்வி: பல்சர் 220க்கு ஸ்டீல் வலை போட்ட பிரேக் ஹோஸ் மாற்றினேன். லீவர் முன்பைவிடக் கொழகொழவென்று ஆகிவிட்டது. பெரிய வண்டியின் 16 மி.மீ. மாஸ்டர் சிலிண்டர் வைத்தால் கெட்டியாகும் என்கிறார்கள். (சென்னை வாசகர்)

பதில்: உள்ளே காற்று நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டரைத் தொடாதீர்கள். இருப்பது 14 மி.மீ. என்றால், 16க்கு மாறும்போது பிஸ்டனின் பரப்பு 30 விழுக்காடு கூடுகிறது. லீவர் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் அதே நிறுத்தலுக்கு விரல்கள் 30 விழுக்காடு அதிகமாக இழுக்க வேண்டியிருக்கும். கெட்டியான லீவரை வலுவான பிரேக் என்று எண்ணிப் பணம் செலவழித்தவர்கள் ஏராளம்.

காற்று பெரும்பாலும் ஹோஸ் மாஸ்டர் சிலிண்டரோடு சேரும் வளைவில்தான் தங்கும். ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்து மாஸ்டர் சிலிண்டரை உயரமாக வைத்து, லீவரை நுனியளவு மட்டும் மெல்ல மெல்ல அசையுங்கள். அதன் ஆயில் டப்பாவுக்குள் சிறு குமிழிகள் ஏறிவருவதைக் காணலாம். குமிழி நின்றபின் காலிப்பரில் வழக்கம்போல் ஏர் எடுத்து, லீவரை இழுத்துக் கட்டி ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஹோஸ் போல்ட்டின் இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போட்டீர்களா என்றும், போல்ட்டின் மரை ஒன்றுதானா என்றும் பாருங்கள். ஜப்பானியக் காலிப்பர்களில் வழக்கமாக 10 மி.மீ. போல்ட்டுக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ., இத்தாலிய பிரெம்போ காலிப்பர்களில் 1.0. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறும், பிறகு அலுமினிய மரையை அறுத்துவிடும்.

பிரேக் ஆயில் டாட் 4 தரத்தில் இருக்கட்டும். புதியது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். சென்னைக் காற்றில் இரண்டு ஆண்டுக்கு மேல் அதை விட்டுவைக்க வேண்டாம். டாட் 5 என்பது சிலிகான் வகை; டாட் 4 ஓடிய அமைப்பில் அதைக் கலக்கக் கூடாது.