சீர்திருத்தத்துக்குப் பிறகும் லூத்தரன் தேவாலயங்களில் பீட ஓவியங்கள் ஏன் நீடித்தன?

பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தச் சபைகள் எல்லாமே, பலிபீடத்தை ஒட்டி நிற்கும் பீட ஓவியம் போன்ற படங்களை அகற்றிவிடவில்லை. சூரிச்சில் 1524இல் அகற்றினார்கள். ஜெர்மனியில் லூத்தரின் ஊரான விட்டன்பர்க்கிலும் 1522இல் அந்த வேகம் கிளம்பியது. சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், தலைமறைவாக இருந்த இடத்திலிருந்து திரும்பி வந்து, தொடர்ந்து எட்டு நாள் பிரசங்கம் செய்து அதை அடக்கினார். படத்தை வணங்குவதுதான் தவறு, படம் தவறல்ல என்பது அவர் நிலை.

ஆகவே ஓவியம் நீடித்தது, அதன் வேலைதான் மாறியது. புனிதர்களிடம் மன்றாடும் இடமாக இருந்தது, போதிக்கும் இடமாயிற்று. விட்டன்பர்க்கின் மரியாள் ஆலயத்தில் 1547இல் நிறுவப்பட்ட, ஓவியர் லூக்காஸ் கிரானாக் பட்டறையின் பீட ஓவியத்தைப் பாருங்கள். நடுப்பலகையில் இராப்போஜனம்: வட்டமேசையைச் சுற்றிச் சீடர்கள், அவர்களுள் ஒருவராகத் தாடி வைத்த லூத்தர், அவரருகே கிண்ணம் கைமாறுகிறது. சீர்திருத்தத்துக்கு முன் குருவானவர் மட்டுமே பருகிய ரசம் இனி சபையார் அனைவருக்கும் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இடப்பக்கம் லூத்தரின் தோழரான அறிஞர் மெலாங்டன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். அவர் குருப்பட்டம் பெறாதவர் என்பதால் இது துணிச்சலான சித்திரிப்பு. வலப்பக்கம் அந்த ஆலயத்தின் போதகர் பூகன்ஹாகன், பாவத்தை மன்னிக்கவும் மன்னிக்க மறுக்கவும் உள்ள அதிகாரத்தைக் குறிக்கும் இரு சாவிகளோடு பாவ அறிக்கை கேட்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது அடிப்பலகை. லூத்தர் ஒரு கையை வேதாகமத்தின் மேல் வைத்து, மறுகையால் சிலுவையைச் சுட்டுகிறார். எதிரே விட்டன்பர்க் சபையார். ஞாயிறுதோறும் கூடியவர்கள் தங்களையே அதில் கண்டார்கள்.