ஊருக்கு வெளியே சர்வர் ரூம்: பழைய டெஸ்க்டாப்பைக் கன்சோல் சர்வராக்கலாமா?

கேள்வி: எங்கள் சர்வர் ரூம் நான் இருக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நான்கு டெபியன் மெஷின்கள், ஃப்ரீபிஎஸ்டியில் ஓடும் ஒரு ஃபயர்வால், பழைய கணக்குகளுக்காக இன்னும் விடாமல் வைத்திருக்கும் ஒரு சன் ஸ்பார்க் சர்வர், ஒரு சிஸ்கோ ஸ்விட்ச் இருக்கின்றன. கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது ஒன்று எழுந்திருக்காவிட்டால், மானிட்டரைச் செருகிப் பார்க்க நேரில்தான் ஓட வேண்டியிருக்கிறது. எல்லா மெஷின்களின் சீரியல் போர்ட்டையும் ஒரே இடத்தில் சேர்த்து, தூரத்திலிருந்தே பார்க்க உதவும் ரெடிமேட் கன்சோல் சர்வரின் விலையைச் சொன்னால் மேலிடத்தில் சிரிக்கிறார்கள். மூலையில் கிடக்கும் ஒரு பழைய டெஸ்க்டாப்பை வைத்து இதைச் செய்ய முடியுமா? சன் மெஷினையும் அதில் சேர்க்கலாமா?

பதில்: முடியும். ஏழு போர்ட்டுக்கு அந்த டெஸ்க்டாப்பே தாராளம். இருபது, முப்பது மெஷின் என்றால் ஓப்பன்கியர், லேன்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்களின் கன்சோல் சர்வரைச் செகண்ட் ஹேண்டிலாவது வாங்கச் சொல்வேன். உங்கள் அளவுக்கு எட்டு போர்ட் யூஎஸ்பி-சீரியல் பெட்டி ஒன்று, டெபியன், சீரியல் கன்சோல்களை நிர்வகிக்கும் கன்சர்வர் என்ற இலவச மென்பொருள், இவை போதும்.

யூஎஸ்பி-சீரியல் பெட்டியில் மட்டும் காசு பார்க்காதீர்கள். எஃப்டிடிஐ சிப் உள்ளதாக வாங்குங்கள். அதில் தனித்தனி சீரியல் எண் இருக்கும். லினக்ஸ் 'டிடிஒய்யூஎஸ்பி0', 'டிடிஒய்யூஎஸ்பி1' என்று தரும் பெயர்கள் கண்டுபிடிக்கும் வரிசைப்படி அமைபவை. ஒரு ரீபூட்டில் அவை இடம் மாறினால், மெயில் சர்வர் என்று நினைத்து ஃபயர்வாலை ரீஸ்டார்ட் செய்துவிடுவீர்கள். அதனால் 'தேவ்' அடைவுக்குள் 'சீரியல்' என்பதன் கீழே இருக்கும் 'பை-ஐடி' பெயர்களையே எங்கும் பயன்படுத்துங்கள். மலிவான சிஎச்340 சிப்புகளில் தனி எண் இருக்காது. அவற்றுக்கு எந்த யூஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதைச் சொல்லும் 'பை-பாத்' பெயர்தான் கதி.

டெஸ்க்டாப்பின் டெபியனில், மோடம்களைக் கையாளும் மோடம்மேனேஜர் என்ற சேவை இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். புதிதாக ஒரு சீரியல் போர்ட்டைப் பார்த்தால், இது மோடமா என்று அறிய ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்ப்பது அதன் வழக்கம். அந்தக் கட்டளைகள் உங்கள் சர்வரின் லாகின் கேட்கும் இடத்தில் போய் விழும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் சேவையான பிஆர்எல்டிடிஒய்யும் சிஎச்340 போர்ட்டைத் தனது கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்வதுண்டு. உபுன்டு 22.04-இல் பலர் இதில் மாட்டினார்கள்.

அடுத்தது கேபிள். நேரம் எல்லாம் போவது இங்கேதான். சர்வரும் சரி, யூஎஸ்பி பெட்டியும் சரி, டிபி9 போர்ட்டில் 3-ஆம் பின்னில் அனுப்பும், 2-ஆம் பின்னில் வாங்கும், 5 கிரவுண்ட். நேர் கேபிள் போட்டால் அனுப்புவதும் அனுப்புவதும் மோதிக்கொள்ளும். 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போட்ட நல்-மோடம் கேபிள் வேண்டும். சிஸ்கோவுடன் வரும் வெளிர்நீல ஆர்ஜே45 கேபிளில் இந்த மாற்றம் ஏற்கெனவே இருக்கிறது, அதை அப்படியே பெட்டியில் செருகலாம். அதே கேபிளை வேறு நிறுவனத்தின் ஆர்ஜே45 போர்ட்டில் செருகிப் பார்க்காதீர்கள். ஆர்ஜே45 சீரியலுக்குப் பொதுவான பின் வரிசை கிடையாது, ஆளுக்கொரு வரிசை வைத்திருக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். ஆர்எஸ்-232-இல் சும்மா இருக்கும் அனுப்பும் பின், கிரவுண்டை ஒப்பிட்டால் மைனஸில் இருக்கும். பெரும்பாலும் மைனஸ் 5-இலிருந்து 12 வோல்ட் வரை காட்டும். மைனஸ் எந்தப் பின்னில் தெரிகிறதோ அதுதான் எதிராளி பேசும் பின், அது உங்கள் 2-ஆம் பின்னுக்கு வர வேண்டும். ராஸ்பெர்ரி பையின் பின்களை நேராக இதில் இணைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. அவை 3.3 வோல்ட்டுக்கானவை, நடுவில் மேக்ஸ்3232 போன்ற சிப் இல்லாவிட்டால் போர்டு போய்விடும்.

இனி மெஷின்களின் பக்கம். டெபியனில் மூன்று இடங்களைத் தொட வேண்டும். பயாஸில் கன்சோல் ரீடைரக்‌ஷன் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். பூட் லோடரான கிரப்பின் அமைப்புக் கோப்பில் டெர்மினல் என்ற இடத்தில் 'கன்சோல்', 'சீரியல்' இரண்டையும் எழுதி, சீரியலுக்கு 115200 வேகம் கொடுங்கள். மூன்றாவது, பூட் ஆகும்போது கர்னலுக்குத் தரும் அமைப்புகளான கர்னல் வரி. அதில் 'கன்சோல்' என்ற சொல்லை இரண்டு தடவை எழுதலாம், ஒன்று திரைக்கு, ஒன்று சீரியலுக்கு. சீரியலைக் கடைசியில் எழுதுங்கள். கடைசியாக வருவதுதான் முதன்மைக் கன்சோல் ஆகும். பூட் பாதியில் நின்று எமர்ஜென்சி ஷெல் வந்தாலும், என்க்ரிப்ட் செய்த டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு கேட்டாலும் அங்கேதான் வரும். வரிசை மாறிவிட்டால் அந்தக் கேள்வி ஆளில்லாத திரையில் போய் நிற்கும். லாகின் கேட்கும் 'கெட்டி' என்ற நிரலைத் தனியாக அமைக்க வேண்டாம், கர்னல் வரியைப் பார்த்து, சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி தானே ஆரம்பித்துக்கொள்ளும்.

ஃப்ரீபிஎஸ்டியில் இது இன்னும் எளிது. லோடர் கோப்பில் மல்ட்டிகன்சோலையும் சீரியல் பூட்டையும் 'யெஸ்' ஆக்கி, வேகத்தையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

சிஸ்கோவும் சன்னும் 9600-இல் பேசும், அதை மாற்ற வேண்டாம். டெபியனை மட்டும் 9600-இல் விடாதீர்கள். அந்த வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும், ஒரு முழுத் திரை வரவே இரண்டு நொடி. கர்னல் தன் செய்தியை எழுதி முடிக்கும் வரை காத்திருக்கும் என்பதால், செய்தி கொட்டும் நேரத்தில் மெஷினே மந்தமாகும்.

இணைத்த பிறகு குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை. ஒன்றுமே வராவிட்டால் கேபிள், அல்லது மதர்போர்டில் வேறு போர்ட். பல சர்வர்களில் ஐபிஎம்ஐ (சர்வரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் வசதி) வழி வரும் சீரியல், இரண்டாவது போர்ட்டாகத்தான் இருக்கும். எழுத்து வருகிறது, ஆனால் தட்டினால் ஏறவில்லை என்றால் 'இப்போது அனுப்பலாம்' என்று தனிக் கம்பியில் சைகை காட்டும் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துப் பாருங்கள். மூன்று கம்பி மட்டும் உள்ள கேபிளில் அது என்றைக்கும் பச்சைக்கொடி காட்டாது. இன்னொன்று: கன்சோல் சர்வரின் போர்ட்களில் கெட்டி ஓடக் கூடாது. ஓடினால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று லாகின் கேட்டு, ஒன்றின் கேள்வியை மற்றது பெயராக எடுத்துக்கொண்டு, ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும்.

கன்சர்வருக்கு வருவோம். ஒவ்வொரு மெஷினுக்கும் பெயர், போர்ட், வேகம், லாக் கோப்பு என நாலைந்து வரி எழுதினால் வேலை முடிந்தது. ஒரே கன்சோலை ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பார்க்கலாம். வெளியேற கன்ட்ரோல்-ஈ, அப்புறம் சி, அப்புறம் புள்ளி. ஓட்டுபவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள, புள்ளிக்குப் பதில் எஃப். எந்நேரமும் இணைந்தே இருந்து, வருவதையெல்லாம் எழுதிவைக்கிறது என்பதுதான் இதை நான் பரிந்துரைக்க முக்கியக் காரணம். நடுராத்திரியில் கர்னல் பேனிக் ஆகி (மீள முடியாத பிழையில் நின்று) மெஷின் தானாக ரீபூட் ஆகிவிட்டால், அதன் கடைசி வார்த்தைகள் அந்த மெஷினின் டிஸ்க்கில் பெரும்பாலும் இருக்காது. இங்கே இருக்கும். லாக்கில் நேரத்தையும் சேர்த்து எழுதும் வசதியை ஆன் செய்யுங்கள். யாராவது பாஸ்வேர்டைத் தவறான இடத்தில் தட்டினால் அதுவும் அந்தக் கோப்பில் ஏறும், ஆகவே படிக்கும் உரிமையைச் சுருக்கமாக வையுங்கள். ரூட்டாக நுழைந்து அப்படியே விட்டுப்போன கன்சோல், திறந்த வீட்டுக்குச் சமம். ஷெல்லுக்கு டைம்அவுட் கட்டாயம்.

மெஷின் உறைந்து நின்றால் கன்சர்வர் வழியாகப் பிரேக் சிக்னல் (லைனை வழக்கத்தைவிட நீண்ட நேரம் பிடித்துவைக்கும் சைகை) அனுப்பி, ஐந்து நொடிக்குள் எஸ் தட்டுங்கள். மறுபடி பிரேக், யூ. மறுபடி பிரேக், பி. கர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் சிஸ்ஆர்க் வசதி அனுமதிக்கப்பட்டிருந்தால் லினக்ஸ் டிஸ்க்கில் எழுதவேண்டியதை எழுதி, படிக்க மட்டும் என்று மாற்றி, ரீபூட் ஆகும்.

அதே பிரேக்தான் சன்னில் வில்லங்கம். கன்சோல் நேராக சீரியல் போர்ட் ஏ-யில் இருக்கும் மாடல் என்றால், பிரேக் வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் சோலாரிஸ் (சன்னின் இயங்குதளம்) அப்படியே நின்று 'ஓகே' என்று கேட்கும். கேபிளைப் பிடுங்கினாலோ, கன்சோல் சர்வருக்குக் கரண்ட் போனாலோ கூட அது பிரேக்காகத் தெரியலாம். அப்போது 'கோ' என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும், பதற வேண்டாம். ஆனால் முன்கூட்டியே, 'ஈடிசி' அடைவின் கீழ் 'டிஃபால்ட்'டில் இருக்கும் 'கேபிடி' கோப்பில் கீபோர்டு அபார்ட் என்பதை 'ஆல்டர்நேட்' ஆக்கிவிடுங்கள். அப்புறம் என்டர், அலைக்குறி, கன்ட்ரோல்-பி என்று மனிதர் வேண்டுமென்றே தட்டினால்தான் நிற்கும். இதைச் செய்த பிறகு சன்னைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

கடைசியாக, இந்த டெஸ்க்டாப்புக்கு நீங்கள் எப்படிப் போய்ச் சேர்வீர்கள்? அதே ஃபயர்வால், அதே ஸ்விட்ச் வழியாக என்றால், அவை விழும் அன்று கன்சோல் சர்வரும் எட்டாது. ஒரு 4ஜி டாங்கிள் போடுங்கள். இங்குள்ள சிம்களில் பொதுவாக உங்களுக்கென்று தனி பப்ளிக் ஐபி கிடைக்காது, வெளியிலிருந்து நுழைய முடியாது. ஆகவே டெஸ்க்டாப்பே வெளியே உள்ள ஒரு விபிஎஸ்-க்கு (வாடகை மெய்நிகர் சர்வர்) வயர்கார்டு என்ற விபிஎன் டன்னல் போட்டு, இணைப்பை உயிரோடு வைத்திருக்கும் கீப்அலைவை 25 நொடியாக வைத்துக்கொள்ளட்டும். லாகின் அலுவலகத்தின் எல்டாப்பை (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் சேவை) நம்பியிருக்கக் கூடாது, லோக்கல் யூசரும் எஸ்எஸ்எச் கீயும் போதும். அந்த டெஸ்க்டாப்பின் பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படியும் வைத்துவிடுங்கள். டாங்கிளுக்காக மோடம்மேனேஜர் தேவைப்பட்டால், சீரியல் போர்ட்களைத் தொடாதே என்று யூடெவ் (லினக்ஸில் கருவிகளை நிர்வகிக்கும் பகுதி) விதி எழுதிய பிறகு மட்டும் நிறுவுங்கள்.