வினாக்கொத்தோடு வரும் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறோம். போன கிழமை கம்பஸ் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். சாப்பாட்டையும் சுகாதாரத்தையும் பற்றிச் சனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறோம், முக்கால் மணித்தியாலம் கதைக்க வேண்டும் என்றார்கள். இரண்டு பக்கத் தாளைத் தந்து கையெழுத்தும் கேட்டார்கள். சனிக்கிழமை திரும்ப வருவார்களாம். அம்மாவுக்குச் சீனி வருத்தம். அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணக் காசும் எடுக்கிறோம். மூன்று நேரமும் வடிவாகச் சாப்பிடுகிறோம் என்று சொன்னால் அது வெட்டுப்படுமா? பிழையாகப் பதில் சொல்லிவிட்டால் என்ன நடக்கும்?
— வாசகி ஒருவர், திருகோணமலை

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். கள வேலையில் நான் அதிகம் கண்ட பயம் அதுதான். வினாக்கொத்தைக் கண்டதும் பலருக்குப் பள்ளிக்கூடச் சோதனை ஞாபகம் வந்துவிடும். கீரை எத்தனை நாள் என்று கேட்டால், தாதியம்மா சொல்லித் தந்த பதில் வாயில் வரும். சட்டியில் என்ன இருக்கிறது என்பது வராது.

ஒருமுறை கிண்ணியாப் பக்கம் வயதான உம்மா ஒருவரிடம் உப்பைப் பற்றிக் கேட்டேன். "நான் குறைச்சித்தான் மகன் போடுற" என்றார். முற்றத்துப் பாயில் பிளந்த மீன் காய்ந்துகொண்டிருந்தது. விரலில் ஒட்டியிருந்த உப்புக்கட்டியைச் சீலையில் துடைத்துக்கொண்டேதான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கறிக்குப் போடுவதுதான் அவருக்கு உப்பு. கருவாட்டில் இருப்பது கருவாடு! ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைய, உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் கருவாட்டையும் சேர்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. 'கறிக்கு உப்பைக் குறையுங்கள்' என்று துண்டுப்பிரசுரம் அடிப்பவர்களுக்குத் தேவையான தகவல் அவருடைய அந்த ஒரு பதில்தான்.

உங்களிடம் கேட்கப்போவதும் அப்படித்தான். 2016 ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டுச் சோடாப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை, இடையில் மஞ்சள். அதைப் பார்த்து வாங்குவீர்களா என்று கேட்டால், "அப்படியொன்றைக் கண்டதே இல்லை" என்பதும் முழுமையான பதில்தான். "தெரியாது" என்பதும் பதில்தான். 'முற்றாக உடன்படுகிறேன்' தொடக்கம் 'முற்றாக முரண்படுகிறேன்' வரை ஐந்து பதில்கள் வாசிப்பார்கள். மரியாதைக்காக நடுவில் உள்ளதையே சொல்லிக்கொண்டு போகாதீர்கள். நம் சனங்கள் அதில் கெட்டிக்காரர்கள், தரவைப் பார்த்தால் தெரியும். கேள்வித் தமிழ் மொழிபெயர்ப்புத் தமிழாக இருந்து விளங்காவிட்டால், "சாதாரணமாகச் சொல்லுங்கோ தம்பி" என்று நிறுத்திக் கேளுங்கள்.

சரி, அஸ்வெசும. அதற்குத் தகவல் எடுப்பவர்கள் வேறு, படிவமும் வேறு. ஒழுங்கான ஆராய்ச்சியில் உங்கள் பெயருக்குப் பதிலாக ஒரு இலக்கம் இருக்கும். பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியலைத் தனியாகப் பூட்டி வைப்பார்கள். அதைக் கிராம சேவகருக்கோ பிரதேச செயலகத்துக்கோ கொடுக்கக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாகவே வைத்திருக்கிறது. இருந்தாலும் நேராகக் கேட்டுவிடுங்கள்: "இது அஸ்வெசுமவோடு சம்பந்தப்பட்டதா?" இல்லை என்று சொல்பவர் அதை எழுத்திலும் காட்ட வேண்டும்.

அந்த எழுத்து நீங்கள் சொன்ன இரண்டு பக்கத் தாளில் இருக்க வேண்டும். ஒன்று தகவல் தாள், மற்றது சம்மதப் படிவம். தகவல் தாள் உங்கள் வீட்டிலேயே இருக்கும், திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. அதில் நான் முதலில் தேடுவது, ஆராய்ச்சியைப் பார்த்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இலக்கம். அடுத்தது, காசு யார் கொடுக்கிறார்கள் என்பது. பிஸ்கட் கொம்பனி கொடுத்தால் அதுவே குற்றமில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொறுப்பான விரிவுரையாளரின் தொலைபேசி இலக்கமும் இருக்கும். எடுத்துப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் என்று சொல்லியிருந்தால், அது இருக்கும் கோணேசபுரி உங்களுக்குத் தூரமில்லை, நேரில் போயும் கேட்கலாம்.

கையெழுத்து வைத்தால் கட்டுப்பட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பாதியில் எழும்பலாம், ஒரு கேள்வியை விடச் சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பெயரை நீக்கிய பிறகு எது உங்கள் பதில் என்று அவர்களுக்கே தெரியாது, அதனால் எந்தத் திகதி வரை விலகலாம் என்பதை மட்டும் கேட்டு வையுங்கள். வங்கிக் கணக்கு இலக்கமும் போனுக்கு வரும் இரகசிய இலக்கமும் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. அடையாள அட்டை இலக்கம் கேட்டாலும் ஏன் என்று கேளுங்கள். நன்றிக்குப் போனுக்கு ரீலோட் காசு போடுவார்கள், வாங்கிக்கொள்ளலாம். விரலில் குத்தி இரத்தம் எடுக்க வந்தால் அது வேறு விஷயம், அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். சில ஆராய்ச்சிகளில் எட்டுப் பத்துப் பேரைக் கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ கூட்டி இருத்திக் கதைப்பார்கள், குரலும் பதிவாகும். ஆராய்ச்சியாளர் தன் வாயைக் கட்டலாம், பக்கத்து வீட்டுக்காரரின் வாயை யார் கட்டுவது? மாதக் கடைசியில் அடுப்பு எரியாத நாளைப் பற்றியெல்லாம் அங்கே சொல்லாதீர்கள். அப்படியான கதைக்கு, "வீட்டில் தனியக் கேளுங்கோ" என்று சொல்லலாம். வீட்டிலும் மாமியார் பக்கத்தில் இருந்து பதில் எடுத்துக் கொடுத்தால் அந்தப் பேட்டி உங்களுடையதாக இருக்காது.

உங்கள் வீட்டைக் குலுக்கல் முறையில் எடுத்திருப்பார்கள், அதற்குப் பதிலாக வேறு வீட்டுக்குப் போக முடியாது, அதனால்தான் திரும்ப வருகிறார்கள். பகலில் போனால் பெண்களும் வயதானவர்களும்தான் அகப்படுவார்கள். இரவில் கடலுக்குப் போனவர் நித்திரையில் இருப்பார், அவர் என்ன சாப்பிடுகிறார் என்பது விடுபட்டுப் போகும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அவர் எழும்பும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அம்மாவின் பதிலை அம்மாவே சொல்லட்டும். முக்கால் மணித்தியாலம் என்றால் ஒரு மணித்தியாலம் பிடிக்கும், அதனால் அவர் மருந்து போட்டுச் சாப்பிட்ட பிறகு வரச் சொல்லுங்கள்.