வயலுக்குப் போகும் வழியில் தண்டவாளம்

கேள்வி: எங்கள் வயல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பரம்பரையாகப் போய்வரும் பாதைதான், ஆனால் கேற்றும் இல்லை, மணியும் இல்லை. பெட்டி நிறைய நெல்லோடு கடக்கும்போது நெஞ்சு பதறுகிறது. நாங்களாக ஏதும் செய்யலாமா?
- வாசகர், கிரான்

பதில்: நிறையச் செய்யலாம். முதலில் கணக்கைப் பாருங்கள். பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் ஏறத்தாழ 8 மீற்றர் நீளம். தண்டவாளத்துக்கு 3 மீற்றர் முன்னால் நிறுத்திப் பார்த்து, பிறகு புறப்பட்டு, பெட்டியின் வால் அந்தப் பக்கம் 3 மீற்றர் தாண்டும்வரை கிட்டத்தட்ட 16 மீற்றர் ஓட வேண்டும். நடை வேகத்தில் அதற்கு 12 செக்கன் பிடிக்கும். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் ரயில் அதற்குள் 200 மீற்றர் வந்துவிடும்! தடுமாற்றத்துக்கும் இடம் விட்டு, இருபுறமும் 400 மீற்றராவது தெரிய வேண்டும். மாரி மழைக்குப் பிறகு பற்றை ஆள் உயரம் நிற்கும். ஆகவே பெரும்போக அறுவடைக்கு முன்னரே உங்கள் காணிப் பக்கத்தை வெட்டிவிடுங்கள், ரயில்வேயின் பக்கத்துக்கு அவர்களிடம் கேளுங்கள்.

மேடு பள்ளமாக இருக்கிறதென்று நீங்களே கிரவல் கொட்டி நிரப்பவே கூடாது. தண்டவாளத்தின் உட்பக்கம் ரயில் சில்லின் விளிம்பு ஓடுகிற இடைவெளி அடைபட்டால் ரயிலுக்கே ஆபத்து. கமக்காரர் அமைப்பின் பெயரில் கடிதம் எழுதி, தண்டவாள ஓரத்து மைல்கல் இலக்கத்தையும் குறிப்பிட்டு, நிலைய அதிபரிடம் கொடுங்கள், பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். அந்த இடத்தில் ஹோர்ன் அடிக்க வேண்டும் என்பதையும் அதிலேயே கேளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வெளியூரிலிருந்து வெட்டு மெசின் கொண்டுவரும் சாரதிகள்தான், அவர்களுக்கு அந்தக் கடவையும் தெரியாது, ரயில் வரும் நேரமும் தெரியாது. காணிக்காரர் ஒருவர் இறங்கி நின்று பார்த்துச் சொன்ன பிறகே மெசின் ஏற வேண்டும். பிரித்தானியாவில் பண்ணைக் கடவைகளில் கால்நடையாகப் போய் இரண்டு பக்கக் கேற்றையும் திறந்து வைத்துவிட்டுத்தான் வாகனத்தை எடுக்கச் சொல்கிறார்கள், நடுவில் நிற்க நேரக்கூடாது என்பதற்காக. கேற் இல்லாவிட்டாலும் நாமும் அதையே செய்யலாம்: அந்தப் பக்கம் வழி காலியா என்று பார்க்காமல் ஏறாதீர்கள்.

கேள்வி: நடுத்தண்டவாளத்தில் எஞ்சின் நின்றுவிட்டால்?
- வாசகர், வாழைச்சேனை

பதில்: இறங்குங்கள், எல்லாரும், உடனே. இயந்திரத்தைத் தள்ளி மீட்கலாம் என்று நிற்காதீர்கள். ஒருவர் நிலையத்துக்கும் 119க்கும் அழைக்கட்டும் (நிலைய இலக்கத்தை இப்போதே போனில் பதிந்து வையுங்கள்). இன்னொருவர் ரயில் வரும் திசையில், தண்டவாளத்தில் ஏறாமல் ஓரமாக, எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு ஓடி சிவப்புத் துணியை ஆட்டட்டும், இரவென்றால் டோர்ச். ரயில் பிரேக் பிடித்த இடத்தில் நிற்காது, நிற்க நூற்றுக்கணக்கான மீற்றர் வேண்டும்.